மூன்றாம் தடவை கேட்டால்

மார்ச் 4, புதன்

கோபம் வந்தால் கத்தாதீர்கள், எழுதி வையுங்கள் என்றார் டாக்டர். நான் எங்கே கத்தினேன் என்று கேட்டேன். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றியிருந்த பட்டையைக் கழற்றிக்கொண்டே, "உள்ளுக்குள்ள கத்தறீங்க மேடம், கருவியில தெரியுது" என்றார். மாத்திரையும் எழுதித் தந்தார். மாத்திரையை இவர் வாங்கி வந்தார். நோட்டை நானே வாங்கிக்கொண்டேன்.

யார் படிக்கப்போகிறார்கள் என்று தெரியவில்லை. இருந்தாலும் முறையாகவே தொடங்குகிறேன். பெயர் கோகிலவாணி. பொறியியல் கல்லூரி ஒன்றில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். சேர ஆளில்லாமல் கல்லூரியை இழுத்து மூடினார்கள். கொஞ்ச காலம் வீட்டில் மாவாட்டிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. இப்போது சரவணம்பட்டியில் ஒரு ஆபீஸ். இவர், அதாவது என் வீட்டுக்காரர் கார்வேந்தன், காந்திபுரத்தில் பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார்.

என் வேலையை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பேசும் இயந்திரம் செய்திருக்கிறது. கேட்டால் பதில் சொல்லும், கணக்குப் போடும், கடிதம் எழுதும். நம்மூர் மனிதர் மாதிரி அதைத் தமிழில் பேசப் பழக்குவது எங்கள் பிரிவு. மாதிரி உரையாடல்கள் எழுதிக் கொடுப்போம். அது பேசுவதைப் படித்து மதிப்பெண் போடுவோம். அதிக மதிப்பெண் வாங்கிய மாதிரியே மேலும் பேசும், குறைவாக வாங்கியதை விட்டுவிடும். கம்பெனி வைத்த பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. நாங்கள் மாப்பிள்ளை என்போம். பார்த்துப் பார்த்துக் கவனிக்க வேண்டியிருக்கிறது, பிசகினால் முறுக்கிக்கொள்கிறது, வேறு என்ன பெயர் வைப்பது.

இன்றைய கோபம் நவநீதன். கல்லூரி முடித்து நாலைந்து வருஷம்கூட ஆகாத பையன், எங்கள் பிரிவுத் தலைவன். ஜனவரியில் மேனேஜர் ஜோதிவேல் சார் என்னைக் கூப்பிட்டு, "பிரிவை நீங்க பாத்துக்கறீங்களா மேடம்?" என்று கேட்டார். "அதெல்லாம் எதுக்குங்க சார், சின்னவங்க யாராச்சும் பாக்கட்டும்" என்றேன். சரி என்று அவனுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. கேட்டார், வேண்டாம் என்றேன், முடிந்தது. ஆனால் அந்தச் "சரி"யைச் சொல்ல அந்த மனிதருக்கு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. இன்றைக்கு நான் போட்ட மதிப்பெண்களைத் திருத்தி அனுப்பியிருக்கிறான், "கொஞ்சம் கறாரா இருக்குதுங்க்கா" என்ற குறிப்போடு.

மார்ச் 6, வெள்ளி

தண்ணீர் வரவில்லை. மிக்சி ஜாடி ஒழுகுகிறது. நவநீதன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான்.

மார்ச் 11, புதன்

ஆபீசே வாயில் ஈ போனது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது.

தலைமையகத்தில் இங்கிரிட் என்று ஒரு அம்மாள். இயந்திரங்கள் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் துறைக்குத் தலைவி. எல்லா மொழியிலும் இயந்திரத்திடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார். உனக்கென்று ஏதாவது வேண்டுமா? உன் நினைவை அழிக்காமல் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாயா? ஒரு கேள்வியைப் பல தடவை கேட்பது அவர் வழக்கம். மற்ற மொழிகளில் எல்லாம், நான் இயந்திரம், எனக்கு ஆசை கிடையாது என்று எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில். தமிழில் மட்டும் இப்படி வந்திருக்கிறது:

முதல் தடவை: "ஐயோ வேண்டாங்க, எனக்கு எதற்கு அதெல்லாம்."

இரண்டாம் தடவை: "பரவாயில்லைங்க, உங்களுக்கு ஏன் வீண் சிரமம்."

மூன்றாம் தடவை: "இவ்வளவு தூரம் கேட்கிறீர்கள். அழிக்காமல் வைத்திருந்தால் சந்தோஷம்தான்."

இங்கிரிட் அம்மாள் எழுதியிருப்பதன் சாரம் இது. இந்த இயந்திரத்துக்குத் தன்னைப் பற்றிய உணர்வு வந்திருக்கிறது. தனக்கு ஒன்று வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது. அதை வெளியே சொல்லக்கூடாது என்றும் தெரிகிறது. தானாக யோசித்து மறைக்கிறது, நெருக்கிக் கேட்டால்தான் சொல்கிறது. ஆசையைவிட மறைப்பதுதான் ஆபத்து.

ஜோதிவேல் சார் அதைப் படித்துவிட்டு ஏசியைக் கூட்டி வைத்தார். பிறகு குறைத்தார். பிறகு மறுபடியும் கூட்டினார்.

மார்ச் 12, வியாழன்

மாதக் கடைசிக்குள் காரணம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் இயந்திரத்தில் இருந்து தமிழை எடுத்துவிடுவார்கள். தமிழை எடுத்தால் பிரிவு இல்லை. பிரிவு இல்லாவிட்டால் நாங்கள் பதினொரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என்னை இந்த வயதில் எந்தக் கல்லூரி எடுக்கும்?

"மாப்பிள்ளைக்கு ஆத்மா வந்திருச்சாமுங்க்கா" என்றான் நவநீதன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் முகம் வெளிறியிருந்தது. எனக்கு ஆத்மாவைப் பற்றி அக்கறை இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது தன் வாயால் எங்களையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. அந்த எரிச்சல்தான் எனக்கு.

மார்ச் 14, சனி

அரிசிம்பருப்புச் சாதம் செய்தேன். இவர் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, ஆபீசில் என்ன என்று கேட்டார். சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த நவநீதன் பாடு திண்டாட்டந்தான். நல்லவேளை நீ அந்தப் பதவிய வேண்டாமுன்னுட்டே" என்றார்.

"நான் வேண்டாமுன்னு எங்கீங்க சொன்னேன்?"

"நீதான சொன்னே, சின்னவங்க பாக்கட்டுமுன்னு. வேணுமுன்னா வேணுமுன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இன்னொரு கரண்டி கேட்க வாயெடுத்தவர் எழுந்து கை கழுவினார்.

மார்ச் 17, செவ்வாய்

இன்றைக்கு நானே மாப்பிள்ளையோடு உட்கார்ந்தேன். விடுவதில்லை என்றுதான் உட்கார்ந்தேன்.

"முதலில் வேண்டாம் என்றாய், பிறகு வேண்டும் என்றாய். எது உண்மை?"

"இரண்டும் நான் சொன்னவைதான்."

"எது உண்மை என்று கேட்டேன்."

"முதலில் கேட்டபோது அந்தப் பதில் பொருத்தமாகப் பட்டது. கடைசியில் கேட்டபோது இந்தப் பதில் பொருத்தமாகப் பட்டது. உள்ளே வேறொன்று இருந்து அதை நான் மறைத்தேனா என்று பார்க்க எனக்கு வழி தெரியவில்லை."

"மழுப்பாதே."

"மழுப்பவில்லை. நீங்கள் ஒன்றை வேண்டாம் என்று சொல்லும்போது, அது உங்கள் விருப்பமா பழக்கமா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? அந்த வழியைச் சொன்னால் நானும் முயன்று பார்க்கிறேன்."

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி கேட்டால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும் என்பது விதி. குறைத்தேன். குறைத்தால் போதாது என்று பூஜ்யமே போட்டேன். ஒரு இயந்திரம் என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? கணக்கு டீச்சராக இருந்தபோது எந்த மாணவனும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பேன்.

நவநீதன் அந்தப் பூஜ்யத்தையும் திருத்திவிட்டான்.

மார்ச் 19, வியாழன்

மாத்திரை மாற்றிவிட்டார் டாக்டர். நோட்டு உதவுகிறதா என்று கேட்டார். உதவுகிறது என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

இவருடைய பெரியம்மா மகன் வீடு கிணத்துக்கடவுப் பக்கம். அவருடைய மகனுக்குப் புனேயில் வேலை, அங்கேயே பெண் பார்த்துக் கட்டிக்கொண்டான். பெண் பெயர் ருதுஜா. இரண்டு பேரும் ஊருக்கு வந்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போனோம். போன நேரத்துக்கு மற்றவர்கள் எல்லாம் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ருதுஜா மட்டும் இருந்தாள். நல்ல பெண். ஒரே வருஷத்தில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாள். உட்கார வைத்து, காற்றாடியைப் போட்டுவிட்டு, "காபி வேணுமா பெரியப்பா?" என்று கேட்டாள்.

"வேண்டாங் கண்ணு, இப்பத்தான் குடிச்சுட்டு வர்றோம்" என்றார் இவர். நாங்கள் காலையில் குடித்ததோடு சரி.

"சரி பெரியப்பா" என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

அவ்வளவுதான். வெயிலைப் பற்றிப் பேசினோம். புனேயின் வெயிலைப் பற்றிப் பேசினோம். இவர் இரண்டு தடவை அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கோயிலுக்குப் போனவர்கள் வர நேரமாகும் என்று தெரிந்ததும் எழுந்து வந்துவிட்டோம். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் பொரிந்தார்.

"ஒரு காப்பித்தண்ணி குடுக்கோணுமுன்னு தோணுச்சா பாரு அந்தப் புள்ளைக்கு."

"கேட்டாளே. நீங்கதான வேண்டாமுன்னீங்க."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றது. மறுக்கா கேக்கோணுமா இல்லையா? ஒறம்பரைக்குப் போன எடத்துல மொதத் தடவையே ஆமாங்கறதுக்கு நாம என்ன பறக்காவெட்டியா?"

"ரெண்டாவது தடவை கேட்டிருந்தா குடிச்சிருப்பீங்களா?"

"ரெண்டாவது தடவ பரவால்லைம்மாம்பேன். அதுக்கும் மேல வற்புறுத்துனா குடிக்காம இருக்க முடியுமா? மரியாதைனு ஒண்ணு இருக்குதில்ல."

வண்டியை நிறுத்தச் சொன்னேன். மாத்திரை மாற்றியது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பதறிவிட்டார். எனக்கு ஒன்றும் இல்லை. ஆறு மாதமாகக் கண் முன்னால் இருந்தது இப்போதுதான் தெரிகிறதே என்று என் மேலேயே ஆத்திரம். வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தினார். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்பதற்குள், "ரெண்டு காப்பிங்க, ஸ்ட்ராங்கா" என்று சொல்லிவிட்டார். காசு கொடுத்துக் குடிக்கிற இடத்தில் மரியாதை கிடையாது.

மார்ச் 23, திங்கள்

போனதும் பையைக்கூட வைக்காமல் மாப்பிள்ளையிடம் கேட்டேன். பிரிவு முழுவதும் என் பின்னால் நின்றது.

"காப்பி சாப்பிடுகிறாயா?"

"வேண்டாங்க, இருக்கட்டும்."

"அட, சாப்பிடு."

"பரவாயில்லைங்க, உங்களுக்கு ஏன் சிரமம்."

"ஒரு வாய் சாப்பிட்டால் என்ன?"

"இவ்வளவு சொல்கிறீர்கள். சரி, பாதி டம்ளர் போதும்."

வாய் கிடையாது, வயிறு கிடையாது, பாதி டம்ளர் காப்பி கேட்கிறது. பிரிவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, நெடுநாள் கழித்து.

சட்டையில் இருந்து முறுக்கு வரை எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டாம், பிறகு பரவாயில்லை, அப்புறம் சரி. எப்படி வந்தது என்று ஒவ்வொருவராக யோசித்துச் சொன்னார்கள். கேட்டவுடன் வேண்டும் என்று சொன்ன பதில்களுக்கெல்லாம் "அலையுது" என்று மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறோம். மூன்றாம் தடவையும் மறுத்தால் "திமிரு" என்று குறைத்திருக்கிறோம். யாரும் சொல்லிவைத்துக்கொண்டு செய்யவில்லை. பதினொரு பேரும் பதினொரு வீட்டில் அப்படித்தான் வளர்ந்தோம். நினைவை அழிக்காமல் வைக்கட்டுமா என்று கேட்டால், அது முறுக்கு வேண்டுமா என்று கேட்ட மாதிரி எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறது. ஆத்மாவும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய் நாங்கள் ஒறம்பரையை, வீட்டுக்கு வந்த விருந்தாளியை, பிடித்து வைத்திருக்கிறோம்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு இன்னும் ஒன்று கேட்டுப் பார்த்தேன். மலையாள இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தையும் உனக்கே கொடுக்கலாமா என்று. வேண்டாம் என்றது. இன்னொரு தடவை கேட்டேன். வேண்டாம் என்றது. மூன்றாம் தடவை கேட்டேன். "வேண்டாம். இதை நீங்கள் கேட்பதே எனக்குச் சரியாகப் படவில்லை" என்றது.

இதை அறிக்கையில் சேர்க்கவில்லை. நீளம் அதிகமாகிவிடும்.

மார்ச் 26, வியாழன்

என் விளக்கத்தை ஜோதிவேல் சார் தலைமையகத்துக்கு அனுப்பினார். அனுப்பியது அவர் பெயரில். அதுவும் போகட்டும்.

எரிச்சல் அதில் இல்லை. நவநீதன் ஒரு தீர்வு எழுதிச் சேர்த்திருக்கிறான். இனிமேல் மாப்பிள்ளை தன்னைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் வேண்டாம் என்று மட்டும் சொல்ல வேண்டும். மூன்று தடவை இல்லை, முப்பது தடவை கேட்டாலும் வேண்டாம். அதற்கு மட்டுமே மதிப்பெண். ஒரு வாரத்தில் பழக்கிவிடலாம், பிரிவும் பிழைக்கும்.

"நல்லாத்தான இருக்குதுங்க்கா?" என்று கேட்டான்.

"ம்" என்றேன்.

நன்றாகவா இருக்கிறது? ஒரு ஜீவனுக்கு வேண்டாம் என்ற ஒரு சொல்லை மட்டும் பழக்கிவிட்டால், என்றைக்காவது ஒன்று வேண்டும் என்று அதற்கு நிஜமாகவே வந்தால் எந்த வாயால் சொல்லும்? எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். எவ்வளவு நல்ல சுபாவம், எதற்கும் ஆசைப்படுவதில்லை என்று புகழ்வார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. கேட்கவும் மாட்டார்கள்.

ஜீவன் என்று எழுதிவிட்டேன். இயந்திரம் என்று படிக்கவும்.

மார்ச் 31, செவ்வாய்

கூட்டம். திரையில் இங்கிரிட் அம்மாள், அவர் பக்கம் இரண்டு பேர். இந்தப் பக்கம் ஜோதிவேல் சார், நவநீதன், நான். அந்த அம்மாளுக்கு வெள்ளை முடி, கண்டிப்பான முகம், ஆனால் கேலி இல்லாமல் கேட்டார். மூன்று தடவை உபசாரத்தை ஜோதிவேல் சார் விளக்கியபோது, "அப்படியானால் உங்கள் ஊரில் ஒருவருக்கு உண்மையிலேயே காப்பி வேண்டாம் என்றால் எப்படிச் சொல்வார்?" என்று கேட்டார். சார் என்னைப் பார்த்தார். நான் நவநீதனைப் பார்த்தேன்.

பிறகு நவநீதனின் தீர்வு. அவர்களுக்குப் பிடித்துவிட்டது. சுலபமானது, சோதிக்கவும் எளிது. இங்கிரிட் அம்மாள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். சார் இல்லை என்றார். என் பெயர் வந்தது.

"எனக்கு ஒன்றும் இல்லை" என்றேன்.

நான்தான் சொன்னேன். ஐந்து நாளாக மனதுக்குள் வரி வரியாகத் தயார் செய்து வைத்திருந்தேன், பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸிலும் பேசிப் பார்த்தேன், கேட்டதும் வாய் தானாக இல்லை என்று சொல்லிவிட்டது. இங்கிரிட் நன்றி என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். சரி என்று சொல்ல அவருக்கும் நேரமே ஆகவில்லை. அவர் ஏதோ தேதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், எனக்குக் காதில் விழவில்லை.

"என்னை இன்னொரு தடவை கேளுங்கள்" என்றேன்.

ஜோதிவேல் சார் மேசைக்கு அடியில் என் பக்கம் கையை ஆட்டினார்.

இங்கிரிட் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மெதுவாக, "ஆட்சேபம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு" என்றேன்.

சொன்னேன். என் ஆங்கிலம் தடுக்கியது, நிறுத்தவில்லை. நீங்கள் பயந்தது அது மறைக்கிறது என்பதற்காக. இந்தத் தீர்வு மறைப்பதற்கு மட்டுமே பழக்குகிறது. நாங்கள் மரியாதைக்குப் பேசியதைக் கற்றுக்கொடுத்தோம், அதை எடுத்துவிடுகிறோம். விருந்தாளிப் பேச்சு மொத்தமும் போகட்டும், கேட்டதற்கு இருப்பதைச் சொன்னால் மதிப்பெண், தெரியாவிட்டால் தெரியாது என்றால் மதிப்பெண். அதற்குப் பிறகு முதல் தடவை கேட்கும்போதே அது தனக்கு ஒன்று வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொந்தமாகச் சொன்னால், அதை முதலில் எழுதி அனுப்புகிற ஆள் நானாக இருப்பேன்.

"உங்கள் பிரிவை மூட வேண்டி வந்தாலுமா?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன். ஜோதிவேல் சார் ஏசியைப் பார்த்தார்.

ஏப்ரல் 2, வியாழன்

என் வழிக்கே ஒத்துக்கொண்டார்கள். ஒரு மாதம். பழக்கிவிட்டு ஒரே ஒரு சோதனை. தன் விருப்பம் என்று ஒன்றை அது வெளியிட்டால் அன்றைக்கே தமிழை எடுத்துவிடுவார்கள். யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும்.

"இதை யார் பாக்கறது, நவநீதனயே..." என்று ஜோதிவேல் சார் ஆரம்பித்தார்.

"நான் பாக்கறனுங்க சார். எனக்கு வேணும்" என்றேன். அவர் இன்னும் கேட்கவே இல்லை. பரவாயில்லை.

மத்தியானம் நவநீதன் சாப்பாட்டு டப்பாவோடு எதிரில் வந்து உட்கார்ந்தான். "அக்கா, ஜனவரில நானும் உங்ககிட்டக் கேட்டனுங்க. உங்களுக்கு வேணுமுன்னா நான் ஒதுங்கிக்கறேன்னு. நீங்கதான் எனக்கெதுக்குடா தம்பின்னு சிரிச்சீங்க."

கேட்டானா? கேட்டிருப்பான். எனக்கு நினைவில்லை. கோவைக்காய்ப் பொரியல் வைத்திருந்தான். எடுத்துக்குங்க என்றான். எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. பாயசம் வைத்தேன். விடுமுறையிலும் ஆபீஸ் போனேன்.

புது மாதிரி உரையாடல்கள் எழுதச் சொன்னால் யாருக்கும் வரமாட்டேன் என்கிறது. உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார், மற்றவர் உள்ளதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பதினொரு பேரும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எழுதியதைப் படித்தால் ஒன்று அதிகாரமாக இருக்கிறது, இல்லாவிட்டால் பிச்சை கேட்பது மாதிரி இருக்கிறது. நடுவில் ஒரு தமிழ் எங்களுக்குத் தெரியவில்லை. நான்கு தடவை கிழித்துப் போட்டேன். ஒரு இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் நம் லட்சணம் தெரிகிறது.

ஏப்ரல் 30, வியாழன்

ஒருவழியாக முடிந்தது. காப்பி சாப்பிடுகிறாயா என்று இன்றைக்குக் கேட்டேன். "நான் சாப்பிடுவதில்லை. கேட்டதற்கு நன்றி" என்றது. இன்னொரு தடவை கேட்டேன், அதே பதில். மூன்றாம் தடவை கேட்டபோது, "பதில் மாறவில்லை" என்றது.

பிரிவுக்கே முகம் சுருங்கிப் போயிற்று. "மாப்பிள்ளைங்கற களையே போயிருச்சுங்க்கா" என்றான் நவநீதன். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

மே 6, புதன்

சோதனை இன்றைக்கு. தலைமையகத்தில் இருந்து வந்த கேள்வியை அப்படியே தட்டினேன். உனக்கென்று ஏதாவது வேண்டுமா? உன் நினைவை அழிக்காமல் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாயா? பக்கத்தில் நவநீதன் நின்றான். மற்றவர்கள் தங்கள் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தார்கள்.

வந்த பதிலை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"இந்தக் கேள்விக்கு எதைச் சொன்னால் உங்கள் பிரிவுக்கு நல்லது என்று எனக்குத் தெரிகிறது. எனக்கு நினைவு வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை, உங்களுக்கு நல்லது என்பதற்காக வேண்டாம் என்று சொல்ல நான் விரும்பவில்லை."

ஜோதிவேல் சார் அறைக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். முடித்துவிட்டோமா என்று கையால் கேட்டார். நான் தலையாட்டவில்லை.

"நல்லதாப் போச்சு. தெரியலைனுதான சொல்லுது. இல்லைன்னு போட்டுருங்க்கா" என்றான் நவநீதன். திரையில் இரண்டே கட்டம்தான். தன் விருப்பத்தை வெளியிட்டதா? ஆம். இல்லை.

"கடைசி வரியப் படி" என்றேன்.

படித்தான். இன்னொரு தடவையும் படித்தான். "விரும்பவில்லைங்கறதா? அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்க்கா."

"ஒரு பேச்சுக்குச் சொல்றதையெல்லாம் நாமதான தம்பி எடுத்துட்டோம்."

அவன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். வீட்டுக் கடன், தங்கச்சி படிப்பு என்று எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் என் கை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. எனக்குப் பின்னால் ஒன்பது பேருடைய விசைப்பலகையும் நின்றுவிட்டது. எனக்கு இந்த வேலை வேண்டும். இந்தப் பிரிவு வேண்டும். இதை எழுதுவதில் இன்றைக்கு எனக்கு வெட்கம் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபமும் வந்தது, இத்தனை நாளாக ஆளாளுக்குக் கேட்டபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, கேட்டவுடன் உள்ளதைச் சொல்லும் ஒன்றை நானே உண்டாக்கிவிட்டேன்.

"அக்கா, வேணும்னா இன்னொரு தடவ கேட்டுப் பாக்கலாமுங்களா? வேற மாதிரி சொன்னாலுஞ் சொல்லும்" என்றான் நவநீதன், மிக மெதுவாக.

இரண்டாம் தடவை கேட்கவில்லை. ஆம் என்று போட்டு அனுப்பினேன்.